நாக்கை நீட்டுகிறவன்

மார்ச் 3

ராத்திரி ‘ஏ ப்ராஃபெட்’ போட்டேன். 2009-இல் வந்த பிரெஞ்சுப் படம், ழாக் ஓடியார் இயக்கியது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்பதால் பாதியில் நிறுத்திவிட்டுப் படுத்தேன். தூக்கம் எங்கே வந்தது!

மாலிக்குக்கு வயது 19, ஆறு வருடத் தண்டனை. எழுதப் படிக்கத் தெரியாது, வெளியே கேட்க ஆளில்லை. சிறைக்குள் கோர்சிக்கா (பிரான்ஸைச் சேர்ந்த ஒரு தீவு) கும்பலின் தலைவன் செசார் லூச்சியானி அவனிடம் வைக்கும் பேரம் இவ்வளவுதான்: ரெயெப் என்ற கைதியைக் கொல், இல்லையென்றால் நீ செத்தாய். பிளேடை வாய்க்குள் கன்னத்தோரம் ஒளித்துக்கொண்டு சாதாரணமாக இருக்கப் பழக வேண்டும். பழகும்போதே வாயெல்லாம் ரத்தம். என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

மார்ச் 4

மீதியையும் பார்த்துவிட்டேன். இதை ‘குருவும் சிஷ்யனும்’ கதை என்கிறார்கள். சரி, குரு யார்? செசார் மாலிக்குக்குச் சொல்லிக்கொடுப்பது மிகக் குறைவு. காபி போடச் சொல்கிறான், எடுபிடியாக வைத்திருக்கிறான், கோபம் வந்தால் கண்ணில் ஸ்பூனை வைத்து அழுத்துகிறான். பையன் காபி நீட்டிக்கொண்டே அவர்களுடைய கோர்சிக்கா மொழியைக் காதால் பிடித்துக்கொள்கிறான்.

படிக்கக் கற்றுக்கொள், வந்ததைவிடக் கொஞ்சம் விவரமாக வெளியே போ என்று அக்கறையாகச் சொன்னவன் ரெயெப். மாலிக் கொன்றதும் அவனைத்தான். அப்புறம் ஆவியாக வந்து அறையிலேயே தங்கிவிடுகிறான். எனக்கு அவன்தான் குரு.

மார்ச் 6

இன்று ஒரே ஒரு காட்சியை மட்டும் மறுபடி பார்த்தேன். ஒருநாள் பரோலில் மாலிக் விமானம் ஏறப் போகிறான். பாதுகாப்புச் சோதனையில் கையைத் தூக்கச் சொல்கிறார்கள், தூக்குகிறான். கூடவே, யாரும் கேட்காமலே, வாயைத் திறந்து நாக்கை நீட்டுகிறான்! சிறைச் சோதனைப் பழக்கம். சில நொடிகள்தான் வருகிறது. முதல் தடவை சிரித்தேன், இன்று முடியவில்லை.

மார்ச் 9

ஒரு குறையும் உண்டு. பின்பாதியில் போதைப்பொருள் பேரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. யார் யாருடைய ஆள் என்று இரண்டு முறை பின்னால் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆனால் நீல்ஸ் அரெஸ்ட்ரூப்! செசாராக நடித்தவருக்கு, பிரான்ஸின் பெரிய திரைப்பட விருதான செசார் விருதே கிடைத்தது. மாலிக்காக வந்த தாஹர் ரஹீமுக்கும்தான். படத்தின் கடைசியில் செசாரின் ஆட்கள் பலர் வேறு சிறைக்குப் போய்விட, கிழவன் முற்றத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். எதிரே மாலிக், தன் கூட்டத்தோடு. வா என்கிறான் செசார். மாலிக் அசையவில்லை. கிழவனே எழுந்து நடந்து வருகிறான். பாதி வழியில் ஒருவன் குறுக்கே வந்து வயிற்றில் குத்துகிறான்.

மாலிக் அப்போதும் எழவில்லை.