தரங்கம்பாடிக்கு அரை மணி நேரம் பத்தாதுங்க

வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறுன்னு டூர் போறவங்க நிறைய பேர் வழியில தரங்கம்பாடியில வேனை நிறுத்தி கோட்டை முன்னாடி நாலு போட்டோ எடுத்துட்டு அரை மணி நேரத்துல கிளம்பிடுறாங்க, நானும் ரெண்டு தடவை அப்படித்தான் போயிருக்கேன். போன மாசம் பக்கத்துல இருக்குற பொறையார்ல சித்தி வீட்டுக்குப் போனப்பதான் ஒரு சாயங்காலம் முழுக்க ஊரை நடந்தே பார்த்தேன்.

சித்திதான் மெயின் ரோட்டுலயே இறங்கச் சொன்னாங்க. "வாசல்லேருந்து நடந்து போனாதான்டா ஊரு புரியும்". அந்த வெள்ளை நுழைவாயில் 1792-ல டேனிஷ்காரங்க, அதாவது டென்மார்க்காரங்க, கட்டினது, அதைத் தாண்டினா கிங்ஸ் ஸ்ட்ரீட், அப்படியே நேரா கடலைப் பார்க்க நடக்கலாம். சத்தமே இல்ல, காத்து மட்டும் எதிர்ல வருது.

வழியில புது எருசலேம் ஆலயம், 1718-ல கட்டினது, சீகன்பால்குங்கிற ஜெர்மன் பாதிரியாரோட கல்லறை உள்ளதான் இருக்கு. 1706-ல இங்க வந்து இறங்குனவர், தமிழ் படிச்சு, அச்சகம் போட்டு, 1715-க்குள்ள புதிய ஏற்பாட்டையே தமிழ்ல அச்சடிச்சு முடிச்சிட்டாரு. ஜெர்மனியிலேருந்து வந்த எழுத்து அச்சு ரொம்ப பெருசா இருந்ததால பேப்பர் பத்தலையாம், அதனால சின்ன எழுத்தை இங்கயே வார்த்திருக்காங்க, பேப்பருக்கும் பொறையார்லயே ஒரு ஆலை. "எங்க ஊர்ல கடுதாசிப்பட்டறைன்னு ஒரு இடம் இருக்குல்ல, அந்தப் பேரு அதாலதான்"னு சித்தி சொன்னப்ப எனக்கு சிலிர்த்துடுச்சு, எத்தனை தடவை அந்தப் பேரைக் கேட்டிருப்பேன், ஒரு நாளும் ஏன்னு யோசிக்கல.

கோட்டையும் டேனிஷ்காரங்க 1620-ல கட்டத் தொடங்கினது. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்து, டென்மார்க் ராஜாவுக்கு தங்கத் தகட்டுல கடிதமும் அனுப்பியிருக்காரு, அது இன்னிக்கும் கோபன்ஹேகன்ல பத்திரமா இருக்கு. 1845-ல இந்த ஊரையும் வங்காளத்துல இருந்த செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரங்ககிட்ட வித்துட்டாங்க. உள்ள இருக்குற மியூசியம் சின்னதுதான், சீக்கிரம் பார்த்துடலாம், ஆனா மேல ஏறி கடலைப் பார்த்து கொஞ்ச நேரம் நில்லுங்க. வெயில் தாங்க முடியாது, நாலு மணிக்கு மேல போனா நல்லது.

ஆனா என் மனசுல நின்னது மாசிலாமணிநாதர் கோயில்தான். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், 700 வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்தக் கல்வெட்டுல இந்த ஊருக்கு சடங்கன்பாடின்னு பேரு. கடல் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு முன்பக்கம் பூரா போயிடுச்சு, பழைய கட்டடத்துல மிச்சம் இருக்குறது அலைக்கு ஓரத்துல நிக்குது, முன்னாடி பெரிய பெரிய கல்லா கொட்டி வெச்சிருக்காங்க. கோட்டையில கூட்டம், இங்க நாங்க ரெண்டு பேரும் ஒரு மீன்கார அண்ணனும் மட்டும். பிள்ளைங்களை கூட்டிட்டுப் போறவங்க தயவுசெஞ்சு அந்தக் கல்லு மேல ஏற விடாதீங்க, பாசி வழுக்குது, அலையும் திடீர்னு மேல வருது, குளிக்கறதுக்கான இடமும் இது இல்ல.

சித்தி செருப்பை கையில எடுத்துக்கிட்டு மணல்ல கொஞ்ச தூரம் நடந்து போய் கடலைப் பார்த்து கையை நீட்டினாங்க. "எங்க அம்மா சின்னப் புள்ளையில உக்காந்து சுண்டல் தின்ன மண்டபம் அந்தா அங்கதான் இருந்துச்சாம்". அவங்க காட்டின இடத்துல ஒரு ஃபைபர் படகு போயிக்கிட்டு இருந்துச்சு.