கடனை அடைத்த பிறகுதான் மடத்துக்கு

குமரி மாவட்டத்தில் எங்கள் கடற்கரை ஊரில் பக்கத்து வீட்டுப் பெண் கன்னியாஸ்திரியாக மடத்துக்குப் போனால் எல்லோருக்கும் பெருமை. தன் மகள் போகிறேன் என்றால் கதை வேறு. நர்சிங் கடைசி ஆண்டில் நான் விஷயத்தைச் சொன்னபோது அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா அழுதார்.

பக்திக் குறைவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தினமும் ஜெபமாலை சொல்லும் வீடுதான். அப்பாவின் முதல் கவலை, என் படிப்புக்காக அவரும் கையெழுத்துப் போட்டு வாங்கிய வங்கிக் கடன். இரண்டாவதை அவர் சொல்லவில்லை, மாமாதான் போட்டு உடைத்தார்: "நகை போட்டுக் கெட்டிக்குடுக்க வக்கில்லாம மடத்துல தள்ளிட்டான்னு ஊரு பேசும்லா?" வரதட்சணையைப் பவுனில் எண்ணும் பக்கம் இது. அதை வெறும் சாக்கு என்று தள்ள முடியாது.

மடத்துக்கு வர விரும்பும் பெண்களுக்கு வழிகாட்டும் சிஸ்டரைப் பார்க்கப் போனேன். அவர் முதலில் கேட்டதே கடனைப் பற்றித்தான். 1983-ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 644-ஆம் எண், அடைக்க முடியாத கடன் உள்ளவர்களை நவதுறவகத்தில், அதாவது துறவுக்கான தொடக்கப் பயிற்சியில், சேர்க்கக் கூடாது என்கிறது. 17 வயது நிறைந்த பெண்ணுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அந்தத் தொகுப்பில் இல்லை. ஆனால் கடன் விஷயத்தில் சட்டமும் அப்பா பக்கம்தான்! வீட்டோடு சண்டை வந்தால் நம் பிள்ளைகள் உடனே, என்னைவிடத் தாய் தந்தையை அதிகம் நேசிப்பவர் எனக்குத் தகுதியற்றவர் என்று இயேசு சொல்லும் மத்தேயு 10:37-ஐ எடுப்பார்கள். சிஸ்டர் என்னை மாற்கு 7-ஆம் அதிகாரம் படிக்கச் சொன்னார். கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடுகிறவர்களை இயேசு கண்டிக்கும் பகுதி அது.

சரி என்று சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போனது. இடையில் மாமாவே ஒரு வரன் கொண்டுவந்தார். நகை வேண்டாம், பெண் வெளிநாட்டில் வேலை பார்த்தால் போதும் என்றார்கள். நான் மறுத்ததும் வீட்டில் நடந்த சண்டை இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. ஆனால் விஷயம் ஊரெல்லாம் பரவியதில் 'வக்கில்லாமல்' என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போனது.

கடன் முடிந்து வங்கிச் சான்று கைக்கு வந்ததும் மற்றவை சுலபம். ஞானஸ்நானம், உறுதிபூசுதல் சான்றிதழ்கள், திருமணமாகாதவள் என்று பங்குத்தந்தையின் கடிதம், மருத்துவப் பரிசோதனை. இவற்றுக்கெல்லாம் அலைந்தது அண்ணன்தான்.

அசிசியின் புனித கிளாரா 1212-இல் துறவியாவதற்காக இரவோடு இரவாக வீட்டைவிட்டுப் போனவர். எனக்கும் அந்த யோசனை வந்ததுண்டு. சிஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. நேராக எங்கள் வீட்டுக்கே வந்து, மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு, கேளுங்கள் என்று அப்பா எதிரில் உட்கார்ந்தார்.

"சம்பளம் யாருக்கு?"

"சபைக்கு."

"நாங்க கெடையில விழுந்தா வருவாளா?"

"அனுமதி வாங்கிட்டு வந்து பார்ப்பா. கூடவே இருக்க முடியாது."

பூசி மெழுகாத இந்தப் பதில்கள் அப்பாவுக்குப் பிடித்திருந்தன என்று பின்னால் தெரிந்தது. கடைசியாகத்தான் மனதில் இருந்ததைக் கேட்டார்: "பிடிக்கலேன்னா திரும்பி வரலாமா?" வரலாம். நவதுறவு குறைந்தது 12 மாதம், அதற்குள் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். பிறகு எடுக்கும் தற்காலிக வார்த்தைப்பாடும் (துறவு உறுதிமொழி) மூன்று ஆண்டுக்குக் குறையாது, அந்தக் காலம் முடிந்தாலும் போய்விடலாம். நிரந்தரமான நித்திய வார்த்தைப்பாடு அதற்கும் பிறகுதான். அப்பா இறங்கி வந்தது இதைக் கேட்டுத்தான்.

முதல் வார்த்தைப்பாட்டுக்கு அப்பா ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு வந்தார். அம்மா வந்தார், ஆனால் இன்றுவரை சமாதானமாகவில்லை. எந்த விளக்கத்துக்கும் அவர் அசையவில்லை, நானும் விளக்குவதை விட்டுவிட்டேன்.

பாட்டி என் பெயருக்கு எழுதிய தென்னந்தோப்பு ஒன்று பாக்கி. முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் அதன் நிர்வாகத்தை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும் என்பதால் அண்ணனிடம் கொடுத்தேன். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் உயிலும் எழுதியாக வேண்டும். யார் பெயருக்கு எழுத வேண்டும் என்று வீட்டில் இப்போதே பேச்சு தொடங்கிவிட்டது.