பணம் கட்டியதும் காலியாகும் கூடை

காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கும் ஓர் ஆச்சிக்குப் பிஎச்பி என்ற நிரல்மொழியில் சிறிய விற்பனைத் தளம் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். தை மாதத்தில் சீர்ப் பலகாரங்களுக்கு ஆர்டர்கள் குவியத் தொடங்கிய வாரத்தில் அவர் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, பணம் போயிருதாம், திரும்பி வந்தா கூடை காலியா இருக்காம், நான் யாருக்கு எத்தனை கிலோ தேன்குழல் பிழியறது?" என்று கேட்டார்.

என் அறையில் அமர்ந்து பத்து முறை ஆர்டர் போட்டுப் பார்த்தேன். பத்து முறையும் ஒழுங்காக முடிந்தது. ஐபோனில் முயன்ற அவருடைய மகனுக்கும் குறை எதுவும் தென்படவில்லை. குரோமில் வாங்கியவர்களுக்கு மட்டும், அதிலும் எல்லோருக்கும் அல்ல, கூடை காலியானது.

ஒரு வாடிக்கையாளரின் விவரங்களைப் பக்கத்துக்குப் பக்கம் நினைவில் வைக்கும் செஷன் மாறிகள் நிலைக்காதபோது, நிரலில் கைவைப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும் என்பது என் கருத்து: செஷன் எண்ணே வந்து சேரவில்லையா, அல்லது எண் வந்தும் அதற்குரிய தரவு இல்லையா? மளிகைக் கடையின் பற்றுவரவு ஏட்டை நினைத்துக்கொள்ளலாம். கணக்கு கடையிலேயே இருக்கிறது. வாடிக்கையாளர் கையில் பக்க எண் எழுதிய துண்டுச்சீட்டு மட்டும் இருக்கிறது. பிரௌசர் வைத்திருந்து திருப்பி அனுப்பும் அந்தச் சீட்டுதான் குக்கீ. சீட்டில்லாமல் வருபவருக்குக் கணக்குப்பிள்ளை ஒரு வார்த்தையும் கேளாமல் புதுப் பக்கம் திறந்து, புதுச் சீட்டும் எழுதிக் கொடுத்துவிடுகிறார். பழைய பக்கம் அப்படியே இருக்கிறது. அதைக் கேட்டு வரத்தான் ஆளில்லை. 'செஷன் ஸ்டார்ட்' என்ற கட்டளையின் வேலையும் இவ்வளவே.

இதையெல்லாம் அறிந்திருந்தும் நான் முதல் நாளை வீணாக்கினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று சேமித்தால் கோப்பின் தலையில் மூன்று பைட்டுகள் ஒட்டிக்கொள்ளும். தமிழில் பக்கங்கள் எழுதும் நம்மவர்கள் பலர் இதில் மாட்டியிருப்பார்கள். அவை முந்திக்கொண்டு வெளியேறிவிட்டால் பக்கத்துக்கு முன்னால் போய்க் குக்கீயை அனுப்பும் ஹெடர் போகாது. நம் கணினியில், வெளியீட்டை உடனே அனுப்பாமல் தேக்கிவைக்கும் அவுட்புட் பஃபரிங் 4096 பைட் என்று இருந்தால் குறை மறைந்துகிடக்கும். அது அணைக்கப்பட்டிருக்கும் சர்வரில்தான் தலைகாட்டும். அதைத் தேடினேன், இல்லை. செஷனின் இயல்பான ஆயுளான 1440 விநாடியை, அதாவது 24 நிமிடத்தை, நீட்டிப் பார்த்தேன், பயனில்லை.

மறுநாள்தான் ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் செஷன் எண்ணை லாக்கில், அதாவது சர்வரின் பதிவேட்டில், எழுதும்படி ஒரு வரி சேர்த்தேன். கூடைப் பக்கத்திலும் முகவரிப் பக்கத்திலும் ஒரே எண். பணம் வாங்கும் வெளித்தளமான பேமென்ட் கேட்வேயிலிருந்து திரும்பி வரும் பக்கத்தில் வேறு எண். சர்வரில் செஷன் கோப்புகள் இருக்கும் அடைவைத் திறந்தபோது இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. பழைய கோப்பில் தேன்குழல் இரண்டு கிலோ, சீப்புச்சீடை ஒரு கிலோ என்று எல்லாம் பத்திரமாக இருக்க, புதியதன் அளவு 0 பைட்டாக இருந்தது. ஆக, தரவு தொலையவில்லை; சீட்டுதான் வரவில்லை.

ஏன் வரவில்லை? கேட்வே தன் முடிவை வாடிக்கையாளரின் பிரௌசர் வழியாகப் போஸ்ட் முறையில், படிவத்தைச் சமர்ப்பிப்பதுபோல், என் தளத்துக்கு அனுப்புகிறது. 2020 பிப்ரவரியில் வெளியான குரோம் 80 முதல், வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு போகலாமா என்று சொல்லும் சேம்சைட் குறிப்பில்லாத குக்கீயை 'லாக்ஸ்' என்றே குரோம் கொள்ளத் தொடங்கியது. வேறொரு தளத்திலிருந்து வரும் போஸ்ட் கோரிக்கையோடு அத்தகைய குக்கீ போகாது. ஆனால் பழைய தளங்கள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக, பிறந்து இரண்டு நிமிடம் ஆகாத குக்கீக்கு மட்டும் விலக்கு உண்டு. என் பத்து சோதனைகளும் தப்பித்தது இதனால்தான். ஒவ்வொரு முறையும் பழைய குக்கீ எதுவும் இல்லாத புதிய மறைநிலைச் சாளரம் திறந்து, முகவரியை ஒட்டி, சோதனை அட்டையால் ஒன்றரை நிமிடத்தில் பணம் கட்டி முடித்திருந்தேன். உண்மையில் வாங்குபவரோ அதிரசமா மாவுருண்டையா என்று வீட்டில் கேட்டு, முகவரியைத் தட்டி, ஓடிபிக்காகக் காத்திருப்பவர்.

குக்கீக்கு சேம்சைட் 'நன்' (எந்தத் தளத்திலிருந்து வந்தாலும் போகலாம்) என்றும் செக்யூர் (https வழியாக மட்டும்) என்றும் குறித்தாலே போதும் என்று பலர் சொல்வார்கள். அது வேலை செய்யும். ஆயினும் ஒரு பக்கத்துக்காகத் தளம் முழுவதன் காவலையும் தளர்த்துவது எனக்கு உவப்பாக இல்லை. ஆகவே, பணம் கட்ட அனுப்புவதற்கு முன்பே கூடையை ஆர்டர் எண்ணோடு தரவுத்தளத்தில் எழுதிவிட்டேன். திரும்பி வரும் பக்கம் இப்போது செஷனைத் தொடங்குவதே இல்லை. செய்தி கேட்வேயிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் கையொப்பத்தைச் சரிபார்த்து, ஆர்டரைப் 'பணம் வந்தது' என்று குறித்து, 303 என்ற திசைதிருப்பும் குறியீட்டைக் கொடுத்து நன்றிப் பக்கத்துக்கு அனுப்பிவிடுகிறது. அங்கே போவது, லாக்ஸ் குக்கீயும் கூடப் போகக்கூடிய, பக்கத்தைக் கேட்கும் கெட் கோரிக்கை என்பதால் பழைய குக்கீ தானாகவே கூட வருகிறது.

அன்றிலிருந்து சோதனைக்கு உட்காரும்போதெல்லாம், கூடையில் சீப்புச்சீடையைப் போட்டுவிட்டு, எழுந்து போய்க் காப்பி குடித்து வந்த பிறகே பணம் கட்டும் பொத்தானை அழுத்துகிறேன்.