பிறர் பெயர்களோடு அன்னம்மாள் கோயிலுக்கு

ஜூலை பிறந்து, யாராவது புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்குப் புறப்படுகிறார்கள் என்று தெரிந்தால் போதும், மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பாகான் செராயில் எங்கள் பக்கம் சேதி பரவிவிடும். ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டை மடித்துக் கையில் கொடுத்து, "எம்மவளுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்திருங்க" என்பார்கள். கேட்கிறவர்களில் பலர் கிறிஸ்தவர்களே அல்ல. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வீட்டுக்காரர்கள்தான். பிள்ளைப்பேறு, பிரசவம் என்று வந்தால் மரியாளைப் பெற்றெடுத்த அன்னம்மாளிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பார்கள்.

இப்படி வரும் பெயர்களையெல்லாம் வாங்கிக்கொண்டு போகிறவர் எங்கள் பின்வரிசை வீட்டு அக்கா. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு உரம் போடும் வேலை. தோட்டக் குடியிருப்பான லயத்து வீட்டை விட்டு டவுனுக்குக் குடிவந்த பின்னும் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் பெயர்களைச் சேர்த்து வைப்பார். எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் நான். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்பதால் அக்காவுக்கு நான் எப்போதும் 'டீச்சர்'. இந்த முறை நானும் அவரோடு போனேன்.

அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் பெயர்கள் மட்டும்தான் இருக்கும். என்ன வேண்டுதல் என்று எழுத அக்கா விடமாட்டார். புறப்படுவதற்கு முந்தின வாரம் ஓர் அம்மா வந்தார். மகன் பினாங்கில் வேலை செய்கிறான், அங்கே ஒரு பெண்ணோடு பழக்கம், அந்த உறவு முறிய வேண்டும், அதற்காகச் செபிக்க வேண்டும் என்று அழுதார். அக்கா முழுவதையும் கேட்டார். மகன் பெயரைக் கேட்டு என்னை எழுதச் சொன்னார். அப்புறம், "அந்தப் பொண்ணு பேரு என்னா?" என்றார். அந்த அம்மாவின் முகம் மாறியது. சொல்ல மனமில்லாமல் சற்று நேரம் இருந்துவிட்டு மெல்லச் சொன்னார். இரண்டு பெயரையும் அடுத்தடுத்து எழுதினேன்.

பயணம் முழுவதும் என் மனம் இதிலேயே நின்றது. பிறருக்காகச் செபிக்கிறோம் என்கிறோம். மகனுக்காக, மருமகளுக்காக, குடிக்கிற தம்பிக்காக. உண்மையில் எத்தனை தடவை, நம்முடைய ஆசையை அவர்கள் பெயரில் போட்டுக் கடவுளிடம் அனுப்புகிறோம்? தம்பி குடியை விட வேண்டும் என்று கேட்பது அவன் உயிருக்காகவா, ஊரில் நமக்கு இருக்கும் தலைகுனிவுக்காகவா? இரண்டும் கலந்துதான் இருக்கும். மனித மனம் அப்படித்தான். நாம் கேட்டும் பெறாமல் போவது தவறான நோக்கத்தோடு கேட்பதால்தான் என்று யாக்கோபு விவிலியத்திலுள்ள தம் திருமுகத்தில் (கடிதத்தில்) எழுதியது ஊதாரிகளுக்கு மட்டும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. முழங்காலில் நிற்கிற தாய்மாருக்கும் அதில் பங்கு உண்டு.

குறிப்பிட்டுக் கேட்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கண் தெரியாத பர்த்திமேயுவிடம், "நான் உனக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று இயேசுவே கேட்டார். ஆனால் பர்த்திமேயு தன் கண்ணுக்காகக் கேட்டான். அடுத்தவருடைய வாழ்க்கை இப்படித்தான் போக வேண்டும் என்று கேட்பது வேறு. அங்கே நிதானம் வேண்டும்.

எங்கள் ஊரிலிருந்து கொமுட்டர் ரயில் நேராகவே போகிறது. பாரிட் புந்தார், நிபோங் தெபால், சிம்பாங் அம்பாட், அப்புறம் புக்கிட் மெர்தாஜாம். ரயில் கிளம்பியதும் அக்கா செபமாலையை எடுத்தார். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு பெயர். நான் நோட்டைப் பார்த்து மெதுவாகப் பெயரை வாசிக்க, அவர் ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்வார். ஐம்பத்து மூன்று மணிகள் போதவில்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். வெளியே கிரியான் வயல்கள். 1906-ல் முடிந்த வாய்க்கால் திட்டம் இந்த மாவட்டத்தைப் பேராக்கின் நெற்களஞ்சியமாக ஆக்கியது. அதற்கு முன்பே நம்மவர்கள் இங்கே கரும்புத் தோட்டங்களில் முதுகு ஒடிய உழைத்திருக்கிறார்கள். 1880-களில் ஃபீ என்ற பிரெஞ்சு மறைப்பணியாளர் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்காக ஒரு குடியிருப்பை உண்டாக்கினார். சூசைபாளையம் என்று அதற்குப் பெயர். பின்னாளில் அவரே மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயரும் ஆனார். கப்பலேறி வந்தவர்களுக்காக அங்கே ஊரில் எத்தனை தாய்மார்கள் செபித்திருப்பார்கள்! பிள்ளை கரை சேர்ந்தானா என்றுகூடத் தெரியாமல் செபித்திருப்பார்கள். அவர்கள் செபித்த பிள்ளைகளின் வழி வந்தவர்கள்தான் நாங்கள்.

கோயில் மலையடிவாரத்தில் இருக்கிறது. 1888-ல் கட்டிய பழைய ஆலயம் மேட்டில். 2002-ல் எழுந்த பெரிய ஆலயம் கீழே, எருமைக் கொம்பு போல் முனை வளைந்த மினாங்கபாவ் பாணிக் கூரையோடு. 2019-ல் இதற்குப் பசிலிக்கா என்ற சிறப்பு கிடைத்தது. ஜூலை 26 அன்னம்மாள் திருநாள். அதை ஒட்டி வரும் திருவிழா நாட்களில் தமிழ், சீனம், ஆங்கிலம், மலாய் என்று நான்கு மொழியிலும் திருப்பலி உண்டு. நாங்கள் தமிழ்த் திருப்பலி இருந்த நாளாகப் பார்த்துப் போனோம். சீனப் பாட்டிமார், சபாவிலிருந்து வந்த இளைஞர்கள், நெற்றியில் திருநீறு போட்ட நம் ஆட்கள் எல்லோரும் ஒரே மெழுகுவர்த்தி மேடையைச் சுற்றி நின்றார்கள். அக்கா கொண்டுவந்த காசுக்கெல்லாம் மெழுகுவர்த்தி வாங்கி, ஒவ்வொன்றையும் ஏற்றும்போது உரியவர் பெயரை வாய்விட்டுச் சொன்னார். "இயேசுவே, இவங்களப் பாத்துக்குங்க. அன்னம்மா தாயே, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க." அவ்வளவுதான். பினாங்குப் பையனுக்கு ஒன்று, அந்தப் பெண்ணுக்கு ஒன்று. பெண்ணுக்கான மெழுகுவர்த்திக்கு அக்கா தன் காசைப் போட்டார்.

திருப்பலியில் விசுவாசிகள் மன்றாட்டு வந்தபோது நான் கூர்ந்து கேட்டேன். நெடுங்காலம் வழக்கொழிந்திருந்த இந்தப் பொது மன்றாட்டைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது, கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1963-ல். அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் திருச்சபையின் தேவைகள், அடுத்து நாட்டை ஆள்வோரும் உலகமும், பிறகு துன்பத்தில் இருப்போர், கடைசியில்தான் நம்முடைய பங்கு மக்கள். வாரா வாரம் காதில் விழுகிற வரிசைதான். வீட்டில் நாம் செபிக்கிற வரிசை இதற்கு நேர் தலைகீழ். நம் வீடு, நம் பிள்ளை, நம் கடன், நேரமிருந்தால் ஊர். ஞாயிற்றுக்கிழமை கோயில் நமக்குப் பழக்கித் தருவதை வீட்டுப் பீடத்துக்கு முன்னாலும் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது.

செபக்கூட்டங்களில், விவிலியத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையை அடிக்கடி சொல்கிறார்கள். யோபு தன் நண்பர்களுக்காக வேண்டியபோது ஆண்டவர் அவர் இழந்ததை இரண்டு மடங்காகத் திருப்பித் தந்தார். ஆகவே நீங்களும் பிறருக்காகச் செபியுங்கள், உங்கள் காரியம் வாய்க்கும் என்று. எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் மனம் வலிக்கும். அந்தக் கடைசி அதிகாரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். செபித்தால் திரும்பக் கிடைக்கும் என்று யோபுவுக்கு யாரும் சொல்லவில்லை. கடவுள் நண்பர்களிடம்தான் பேசுகிறார்: ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கிடாய்களையும் கொண்டுபோங்கள், யோபு உங்களுக்காக மன்றாடுவான் என்று. யோபு பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். எதிரே நிற்கிறவர்களோ, நீ பாவம் செய்ததால்தான் இது உனக்கு வந்தது என்று பக்கம் பக்கமாகப் பேசி அவர் புண்ணைக் கிளறியவர்கள். அவர்களுக்காக, கையில் ஒன்றுமில்லாமல் நின்று அவர் செபித்தார். கிடைக்கும் என்று தெரிந்து செபித்திருந்தால் அது செபமா, சீட்டுக் கட்டுவதா?

மாற்கு நற்செய்தியில் முடக்குவாதக்காரனைத் தூக்கி வந்த நால்வரும் என் மனதில் வந்தார்கள். கூட்டம் வழி விடவில்லை என்று கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டார் என்று எழுதியிருக்கிறது. அவர்கள் கேட்டது கால்; இயேசு முதலில் கொடுத்தது மன்னிப்பு. நாங்கள் வந்தது இதற்கல்ல என்று கூரைமேல் இருந்து யாரும் சத்தம் போடவில்லை. கடைசியில் அவன் படுக்கையை எடுத்துக்கொண்டு நடந்து போனான். நால்வரின் பெயரும் இல்லை, அவர்களுக்கு யாரும் நன்றி சொன்னதாகவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் கசப்பாக இருந்தாலும். "அவங்களுக்காகச் செபம் பண்ணிக்குங்க" என்று தொடங்கி, அவர்கள் வீட்டுச் சண்டை, மகளின் காதல், மருமகனின் கடன் வரை பேசி முடிக்கும் வழக்கம் நம் செபக்குழுக்களில் இருக்கிறது. செபிக்கக் கடவுளுக்கு அத்தனை விவரம் தேவையில்லை. அக்கா நோட்டில் பெயருக்கு மேல் எதையும் எழுத விடாததன் அருமை அதில்தான் எனக்கு விளங்கியது. நோட்டு யார் கையில் கிடைத்தாலும் யாருடைய மானமும் போகாது.

மாலையில் ரயில் நிலையத்துக்கு வந்தோம். அன்னம்மாள் கோயில் தண்ணீர் போத்தல்கள் அக்காவின் பையில் கனத்தன. ரயிலில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டியபோது கடைசிப் பக்கத்தில், என் கையெழுத்தில் இல்லாத ஒரு பெயர் கோணல்மாணலாக இருந்தது. அக்கா தானே எழுதியது. யாரென்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. போன வருடம் அக்காவை உரம் போடும் வேலைக்கு வைத்திருந்த காண்ட்ராக்டர். மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுக்காமல் இழுத்தடித்தவர். அக்காவோடு வேலை செய்த இந்தோனேசியப் பெண்களுக்கும் அதே கதிதான்.

"இவருக்குமா அக்கா?"

"சிறுநீரகம் கெட்டுப் போச்சாம். வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் போறாரு. ரெண்டு சின்னப் பிள்ளைங்க வேற."

"அப்ப சம்பளக் காசு?"

அக்கா என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். "அது வேற, இது வேற டீச்சர். காசு என் உழைப்பு, அந்தப் பொண்ணுங்க உழைப்பு. அதுக்குத்தான் லேபர் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தாச்சே. செபம் பண்றேன்னு அதை விட்டுட்டா அவருக்கும் நல்லதில்ல. உங்களைத் துன்புறுத்துறவங்களுக்காக வேண்டிக்குங்கன்னு இயேசு சொன்னாருல்ல? அதனால வேண்டிக்கிறேன். அவரு நல்லா இருக்கணும். காசையும் கொடுக்கணும்."

அவருக்காகச் செபிப்பது அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியக் கூடாது என்றார். சொன்னால் குத்திக்காட்டுவதாக நினைப்பார், இல்லையென்றால் சம்பளத்துக்காகத் தாஜா பண்ணுவதாக நினைப்பார். இரண்டுமே வேண்டாம் என்றார்.

வரும் செவ்வாய்க்கிழமை லேபர் ஆபீசில் விசாரணை. பழைய சம்பளச் சீட்டுகளையெல்லாம் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறோம். அந்தப் பெண்கள் தங்களுக்காக மலாயில் பேசிக்கொள்வார்கள்; அக்காவின் கணக்கை எடுத்துச் சொல்ல நான் கூடப் போகிறேன். அது காண்ட்ராக்டரின் டயாலிசிஸ் நாளாக இருந்தால் வேறு தேதி கேட்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.