சொக்கெட் ஒன்றுதான், திரைதான் கறுப்பு

"ஏஎம்4 தானே அண்ணா, கண்ணை மூடிக்கொண்டு போடலாம்." பம்பலப்பிட்டிக் கடையில் நின்ற தம்பி சொன்ன இந்த ஒரு வசனத்தை நம்பியதில் ஒரு முழு வார இறுதி போய்விட்டது.

ஏஎம்4 என்பது மதர்போர்டில் ப்ரொசசர் உட்காரும் சொக்கெட்டின் வகை. என்னிடம் இருந்தது அந்தச் சொக்கெட் உள்ள பி450 மதர்போர்ட், அதில் ரைசன் 3 2200ஜி ப்ரொசசர். அதைக் கழற்றிவிட்டு ரைசன் 5 5600 போட ஆசை. வாங்கிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்து வேலையைத் தொடங்கினேன். கூலரை இழுத்தபோது சூட்டைக் கடத்தப் பூசிய பேஸ்ட் காய்ந்துபோயிருந்ததால், அதில் ஒட்டிக்கொண்டு ப்ரொசசரும் சேர்ந்தே வந்தது. ஏஎம்4 இல் 1331 பின்களும் ப்ரொசசரின் அடியில்தான், ஒன்று வளைந்தாலும் அழ வேண்டியதுதான். என்னுடையது தப்பியது. நீங்கள் கழற்றுவதாக இருந்தால், மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, பிறகு அணைத்து, கூலரை இடமும் வலமுமாகத் திருகி எடுங்கள்.

பழையதைத் தெஹிவளை மச்சான் வந்து அன்றே வாங்கிக்கொண்டு போனான். அப்புறம்தான் ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது, லைட் எரிந்தது, திரையில் ஒன்றுமில்லை. ரேமை மாற்றி மாற்றிக் குத்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

திரும்பவும் 100 ஆம் இலக்க பஸ், பம்பலப்பிட்டி. அதே தம்பி இப்போது வேறு பாட்டுப் பாடினார்: "உங்கட போர்ட் போயிருக்கும் அண்ணா, பி550 ஒன்று எடுங்களேன்." போர்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல்! ப்ரொசசரில் பேஸ்ட் பட்டுவிட்டதாம், திருப்பி எடுக்கவும் மாட்டார்களாம்.

வீட்டுக்கு வந்து, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். போர்ட் தயாரித்த கம்பனியின் தளத்தில், என் மொடலின் பக்கத்தில், எந்தெந்த ப்ரொசசர் ஓடும் என்ற பட்டியல் இருந்தது. 5600 உம் அதில் இருந்தது. ஆனால் அதே வரியில், எந்த பயாஸ் வெர்ஷனிலிருந்து என்றும் போட்டிருந்தது. பயாஸ் என்பது போர்டுக்குள்ளேயே இருந்து மெஷினை எழுப்பும் மென்பொருள். 5600 வெளிவந்ததே 2022 இல். என் போர்டில் இருந்தது 2019 பயாஸ், அதற்கு இந்த ப்ரொசசர் யாரென்றே தெரியாது. சொக்கெட்டில் பொருந்துவது வேறு, போர்ட் அடையாளம் காண்பது வேறு. விண்டோஸில் எம்எஸ்இன்ஃபோ32 என்று தேடினால் பயாஸ் வெர்ஷனும் திகதியும் வந்துவிடும். பழைய ப்ரொசசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டிய விஷயம் அது.

ப்ரொசசரே இல்லாமல் பென் டிரைவால் பயாஸ் ஏற்றும் பட்டன் சில போர்டுகளின் பின்பக்கத்தில் இருக்கும். என்னுடையதில் இல்லை. ஆக, பழைய ப்ரொசசரை மாட்டித்தான் புது பயாஸை ஏற்ற வேண்டும். மச்சானிடம் கொடுத்த 2200ஜியை இரவல் வாங்கத் தெஹிவளைக்கு ஓடினேன். புதியது ஓடும்வரை பழையதை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், மச்சான் என்றாலும்.

பயாஸ் ஏறும்போது கரண்ட் போனால் போர்டே போகலாம். 2022 இல் மணிக்கணக்கில் மின்வெட்டைப் பார்த்த ஊர் இது, பயம் போகவில்லை. பக்கத்து வீட்டு யூபிஎஸ்ஸைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டுதான் தொடங்கினேன். சில நிமிடத்தில் முடிந்தது. 5600 ஐத் திரும்பப் பூட்டி, ஸ்விட்சைப் போட்டால்...

மறுபடியும் கறுப்பு.

இந்த முறை பிழை முழுக்க என்னுடையது. 2200ஜியின் வாலில் இருக்கும் அந்த ஜிதான் உள்ளேயே கிராஃபிக்ஸ் இருப்பதற்கு அடையாளம். வெறும் 5600 இல் அது இல்லை. எச்டிஎம்ஐ வயரை நான் போர்டில் குத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன், படம் எங்கிருந்து வரும்? என்னைப் போலத் தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாதவர்கள் 5600ஜி பக்கம் போயிருக்க வேண்டும். அதற்கும் பயாஸ் புதிதாக வேண்டும்தான்.

ஞாயிறு இரவு, நண்பன் ஒருவன் பழைய ஜிடி 710 கார்ட் ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். வயரை அதில் குத்தியதும் திரையில் 5600 என்ற பெயர் வந்தது. போட்டோ எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். "அப்ப என்ட 2200ஜி எங்க?" என்று பதில் வந்தது.