கார்டு இருந்தும் ஓட்டு இல்லை

2022 பிப்ரவரி 19, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். எங்கள் வீட்டில் மூன்று பேர், விழுந்தது இரண்டு ஓட்டு. அதில்தான் வேடிக்கை. வாக்காளர் அட்டையை எங்கோ தொலைத்துவிட்ட அம்மா ஓட்டுப் போட்டுவிட்டார். பளபளவென்று அட்டை வைத்திருந்த என் மனைவியால் போட முடியவில்லை.

முன்கூட்டியே விசாரிக்காமல் இல்லை. ஜனவரியில் அரை நாள் லீவு போட்டு ஓர் அலுவலகத்துக்குப் போய் வாக்காளர் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்றேன். "கார்டு இருக்குல்ல? அப்புறம் என்ன சார், போய்ப் போடுங்க." அங்கிருந்த ஊழியர் கணினியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நானும் நம்பிவிட்டு வந்துவிட்டேன். அந்த அரை நாள் லீவு இன்னும் உறுத்துகிறது.

வாக்குப்பதிவு அன்று காலை, 2021 சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்ட அதே பள்ளிக்கூடத்துக்கு மூவரும் போனோம். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே போனால் என் பெயரும் இல்லை, அம்மா பெயரும் இல்லை. "அடுத்த ஆளு வாங்க" என்று நகர்த்திவிட்டார்கள். எங்களைக் காப்பாற்றியது வெளியே கட்சிக்காரர்கள் போட்டிருந்த மேசைதான். அங்கிருந்த தம்பி தெருப் பெயரைக் கேட்டதும் சிரித்தார். "உங்க தெருவுல இடப்பக்கம் ஒரு வார்டு, வலப்பக்கம் ஒரு வார்டுண்ணே. நீங்க மார்க்கெட் பக்கத்து ஸ்கூலுக்குப் போகணும்."

நகராட்சிக்கு இதற்கு முன் தேர்தல் நடந்தது 2011 அக்டோபரில். நடுவில் வார்டு மறுவரையறை வேறு நடந்திருந்தது. உள்ளாட்சிக்குத் தனியாகப் பெயர் சேர்க்க வேண்டியதில்லை, சட்டமன்றப் பட்டியலைத்தான் மாநிலத் தேர்தல் ஆணையம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதை வார்டு வார்டாகப் பிரித்துவிடுவதால் பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடி எல்லாமே மாறலாம். சட்டமன்றப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று இணையத்தில் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். வார்டு பட்டியலையும் பாருங்கள்.

சரி, மார்க்கெட் ஸ்கூல். பட்டியலில் எங்கள் இருவர் பெயரும் இருந்தன. நான் போட்டுவிட்டேன். அம்மா ரேஷன் கார்டை நீட்டினார். "இது செல்லாதும்மா." "இதுல என் படம் இருக்கே தம்பி?" அலுவலர் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக் என்று நீண்ட பட்டியலில் ரேஷன் கார்டு இல்லை. பூத் சிலிப்பை மட்டும் காட்டினாலும் போதாது. ஆதாரை எடுத்துவர நான் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா மஞ்சள் பையைத் துழாவி, முனை மடங்கிய பாஸ்புக் ஒன்றை வெளியே எடுத்தார். முதல் பக்கத்தில் பத்து வருடத்துக்கு முந்தைய படம், மேலே பாதி அழிந்த வங்கி முத்திரை. அலுவலர் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பட்டியலில் பெயர் இருந்து, அடையாளத்துக்கு இப்படி ஒன்று இருந்தால் வாக்காளர் அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மனைவி கதைதான் சோகம். அவளுடைய அட்டை அவள் பிறந்த ஊர் முகவரியில் இருந்தது. கல்யாணமாகி இங்கே வந்த பிறகு வாக்காளர் பட்டியலில் பெயரை இந்த முகவரிக்கு மாற்றவே இல்லை, அதனால் எங்கள் வார்டு பட்டியலில் அவள் இல்லை. அங்கேயாவது போய்ப் போடலாம் என்றால் அது கிராம ஊராட்சி. அங்கே 2019 டிசம்பரிலேயே தேர்தல் முடிந்துவிட்டது. அன்று வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியம், மாவட்டம் என்று ஒரே நாளில் நாலு ஓட்டுப் போட்டவள், இங்கே ஒன்றுகூட இல்லாமல் ஸ்கூல் வாசலில் அட்டையும் கையுமாக நின்றாள். வேட்புமனுத் தாக்கல் பிப்ரவரி 4-ஆம் தேதியே முடிந்துவிட்டது, பட்டியலில் பெயர் சேர்ப்பதும் அதோடு சரி. அதற்குப் பிறகு விழித்து என்ன செய்வது? பெயர் சேர்ப்பது, மாற்றுவது எல்லாவற்றையும் தேர்தல் பேச்சு கிளம்பும் முன்பே செய்துவிடுங்கள்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அம்மா மை வைத்த விரலை ஆட்டிக்கொண்டே வந்தார். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்டில் படிவங்கள் மாறின. முன்பு வேறு தொகுதிக்குக் குடிபோனால் படிவம் 6 கொடுக்க வேண்டியிருந்தது, இப்போது முகவரி மாற்றம் எதுவானாலும் படிவம் 8. அதை ஆன்லைனில் போட்டோம். விண்ணப்பத்தைச் சரிபார்க்க வீட்டுக்கு வந்த அங்கன்வாடி அக்கா ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு கிளம்பினார். சில வாரங்களில் பெயர் வந்துவிட்டது என்று போனைக் காட்டினேன். மனைவி அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"தெருவுக்கு எந்தப் பக்கம்னு போட்டிருக்கான்?" என்றாள்.