எலிசபெத் ஃப்ரேசர் பாடினால் எனக்குத் தூக்கம் வராது

தூங்குவதற்கான பாட்டுப் பட்டியல்களில் காக்டோ ட்வின்ஸ் இசைக்குழுவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது. மழைச் சத்தம், மெல்லிய பியானோ, நடுவில் அந்தக் குழுவின் பாடகி எலிசபெத் ஃப்ரேசர். இந்த இசைக்கு 'ட்ரீம் பாப்', அதாவது கனவு பாப், என்று பெயர் வைத்ததால் வந்த வினை. கனவு என்றால் மெத்தென்று இருக்கும், கண்ணை மூட வைக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. நெஞ்சு படபடக்க எழுப்பி உட்கார வைக்கிற கனவுகளும் உண்டு. இந்த இசை அந்த ரகம்.

அவர்கள் வந்த ஊரைப் பார்த்தாலே கொஞ்சம் புரியும். ஸ்காட்லாந்தில் ஃபோர்த் கழிமுகத்தை ஒட்டிய கிரேஞ்ச்மவுத். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, ரசாயனத் தொழிற்சாலைகள், துறைமுகம், அவ்வளவுதான். 1979-இல் ராபின் கத்ரியும் வில் ஹெக்கியும் அங்கே குழுவை ஆரம்பித்தார்கள். உள்ளூர் டிஸ்கோவில் கத்ரி பாட்டுப் போடுவார், ஃப்ரேசர் அங்கே ஆட வருவார். இவ்வளவு நன்றாக ஆடுகிற பெண் நன்றாகப் பாடவும் செய்வாள் என்று நினைத்துக் கேட்டிருக்கிறார்கள். அப்போது அவருக்கு 17 வயதுதான். 1982-இல் 4ஏடி என்ற இசை நிறுவனத்தில் முதல் ஆல்பம் 'கார்லண்ட்ஸ்' வந்துவிட்டது. அடுத்த வருஷம் ஹெக்கி விலகி சைமன் ரேமண்ட் பேஸ் வாசிக்க வந்தார்.

இந்தக் குழுவில் டிரம்மர் கிடையாது, டிரம் மெஷின்தான். அதைக் கத்ரி ஒளித்து வைக்கவும் இல்லை. 1984-இல் வந்த 'ட்ரெஷர்' ஆல்பத்தில் 'லொரலை'யைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக் கேளுங்கள். மேலே மணிகள் உதிர்வதுபோல ஒரு மினுமினுப்பு, அடியில் ஒவ்வொரு அடியும் தரையில் இறங்குகிறது. கிதாரைக் கோரஸ், டிலே, ரிவெர்ப் என்று ஒலியை மாற்றும் கருவி மேல் கருவியாகக் கடத்தி, அதையும் பல அடுக்குகளாகப் பதிவுசெய்து, எது விரல் மீட்டிய ஒலி, எது அதன் எதிரொலி என்று பிரிக்க முடியாதபடி செய்துவிடுவார் கத்ரி. பனிமூட்டம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான், ஆனால் அந்த மூட்டத்துக்குள் இரும்பு இருக்கிறது. டிரம் அநேகமாக இல்லாமலே அவர்கள் செய்த ஆல்பம் 1986-இன் 'விக்டோரியாலேண்ட்'. ரேமண்ட் வேறு வேலையில் இருந்ததால் ஃப்ரேசரும் கத்ரியும் மட்டும் செய்தது. டிஃப் ஜஸ் குழுவின் ரிச்சர்ட் தாமஸ் சாக்ஸபோனும் தபலாவும் வாசித்திருப்பார். முதல் பாட்டில் அந்தச் சாக்ஸபோன் வந்து சேரும்போது நம் காது சட்டென்று நிமிரும்.

சரி, குரலுக்கு வருகிறேன். ஃப்ரேசர் என்ன பாடுகிறார் என்று யாருக்கும் புரியாது என்பது ஊரறிந்த விஷயம். தனக்கே அர்த்தம் தெரியாத மொழிகளின் புத்தகங்களிலிருந்து ஓசைக்காகச் சொற்களை எடுத்து வைத்துக்கொள்வாராம். நம் ஆட்களிடம் இவரைப் போட்டுக் காட்டினால் முதலில் சொல்வது, "இது ஆலாபனை மாதிரிதானே" என்று. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆலாபனையில் சொல்லே இல்லை, அதனால் சொல்லை யாரும் தேடுவதும் இல்லை. இவர் பாடுவதில் எதுகை இருக்கிறது, வரி இருக்கிறது, பல்லவி திரும்ப வருகிறது, மெய்யெழுத்துகள் நறுக்கென்று விழுகின்றன. யாரோ நம்மிடம் மிக முக்கியமான ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், இன்னும் ஒரு தடவை கேட்டால் பிடித்துவிடலாம் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். அப்புறம் எப்படித் தூங்குவது?

1990-இன் 'ஹெவன் ஆர் லாஸ் வேகஸ்' ஆல்பத்தில் முதல் பாட்டு 'செர்ரி-கலர்டு ஃபங்க்'. கிதார் சுருதி விலகி வழுக்குகிற மாதிரி ஆரம்பிக்கும். சரணத்தில் குரல் கீழே, கிட்டத்தட்ட தொண்டைக்குள்ளேயே புரளும். பல்லவி வந்ததும் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரே தாவலில் உச்சிக்குப் போய்விடும். அதில் இருக்கிற உடல் உழைப்பை யோசித்துப் பாருங்கள். மூச்சு, வயிறு, தாடை எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. தேவதைக் குரல் என்று சொல்லிவிட்டால் அந்த உழைப்பு காணாமல் போய்விடுகிறது, அதனாலேயே எனக்கு அந்தப் பட்டம் பிடிக்காது.

அந்த ஆல்பம் உருவான காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1989-இல் ஃப்ரேசருக்கும் கத்ரிக்கும் குழந்தை பிறந்திருந்தது. கத்ரி போதைப் பழக்கத்தில் மூழ்கியிருந்தார். ரேமண்ட் தன் தந்தையை இழந்தார். ஐவர் ரேமண்ட் என்ற அந்தத் தந்தை, பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டுக்கு இசைக்கோர்ப்பு செய்தவர். இத்தனைக்கும் நடுவில் வந்த அந்த ஆல்பம் பிரிட்டன் பட்டியலில் 7-ஆம் இடம் பிடித்தது. 4ஏடி வெளியிட்டதிலேயே சிறந்தது இதுதான் என்று பின்னாளில் சொன்ன அதன் நிறுவனர் ஐவோ வாட்ஸ்-ரஸ்ஸல், அது வந்த கொஞ்ச நாளிலேயே குழுவை நிறுவனத்திலிருந்து அனுப்பியும் விட்டார்.

என்னை இன்றும் உலுக்குகிற பாட்டு ஒன்று காக்டோ ட்வின்ஸ் பெயரில் வந்ததே இல்லை. 1983-இல் ஐவோவின் 'திஸ் மார்டல் காயில்' என்ற இசைத் திட்டத்துக்காகப் பாடகர் டிம் பக்லியின் 'சாங் டு தி சைரன்' பாட்டை ஃப்ரேசரும் கத்ரியும் பதிவுசெய்தார்கள். இசைத்தட்டில் வேறொரு பாட்டின் பின்பக்கத்துக்கு என்று செய்தது, முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. கிதாரும் குரலும் மட்டும்தான். டேவிட் லிஞ்ச் தன் 'ப்ளூ வெல்வெட்' படத்துக்கு இதைக் கேட்டு, உரிமைக்கான பணம் கட்டுப்படியாகாமல் விட்டுவிட்டு, கடைசியில் 1997-இல் 'லாஸ்ட் ஹைவே'யில் வைத்தார். கடலும் மூழ்குதலும் பற்றிய பாட்டு. பிற்பாடு ஃப்ரேசர் நேசித்தது டிம்மின் மகன் ஜெஃப் பக்லியை. 1997 மே மாதம் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ஓர் ஆற்றில் ஜெஃப் மூழ்கி இறந்தார். மாசிவ் அட்டாக் குழுவுக்காக 'டியர்டிராப்' பாடிக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்தச் செய்தி ஃப்ரேசருக்கு வந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு 'சாங் டு தி சைரன்' பாட்டை வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிட என்னால் முடியவில்லை. கை நின்றுவிடுகிறது.

அதே 1997-இல் குழுவும் கலைந்தது. காதலர்களாகப் பிரிந்த பிறகும் ஃப்ரேசரும் கத்ரியும் சேர்ந்து ஆல்பம் செய்தார்கள். 1996-இன் 'மில்க் அண்ட் கிஸ்ஸஸ்' அப்படி வந்தது, அதைக் குறைத்துப் பேசுபவர்களோடு நான் சண்டைக்கே போவேன். அதற்குப் பிறகு ஃப்ரேசர் தன் பெயரில் ஒரு முழு ஆல்பமும் வெளியிடவில்லை. 2022-இல் டிரம்மர் டேமன் ரீஸுடன் சேர்ந்து 'சன்ஸ் சிக்னேச்சர்' என்ற பெயரில் ஐந்து பாட்டுகள் வந்தன. கீழ்ச்சுரங்களில் முன்பு இல்லாத ஒரு கனம் சேர்ந்திருக்கிறது, மேலே போகும்போது அதே துணிச்சல். ஐந்து பாட்டு எனக்குப் போதவில்லை. இன்னும் வேண்டும்.